வெற்றுத் தாள்

மூன்று நாளுக்கு ஒருமுறை
எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டு
ஏழு கிலோமீட்டரை ஒரு மணிநேரமாக்கி
எப்சிபாவின் மொட்டைமாடிக்குப் போகிறேன்.
கையில் குளிர்பெட்டி.
ஐஸ் விற்பவன் என்று முதல் மாதம்
கீழ்வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.
இப்போது பெட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

உள்ளே காகிதம்தான்.
தட்டையளவு வட்டம். இடுக்கியால் மட்டுமே தொடலாம்.
கிண்டி ஆய்வகத்தில் குளிரூட்டிய அறையில்
ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்து,
மைக்ரோகிராம் வரை எடை பார்த்து,
எண் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள்.
இந்தத் தெருவில் பிறந்த எதற்கும்
இத்தனை சீராட்டு நடந்திருக்காது.

இயந்திரத்தின் தலையைக் கழற்றி
பழைய தாளை எடுக்கிறேன்.
காற்று வடக்கே இருந்து வந்திருந்தால் சாம்பல்,
சாலைப் பக்கமிருந்து என்றால் மை.
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன்.
அறிக்கையில் அப்படி எழுத முடியாது.

எப்சிபா பள்ளிச் சீருடை தைப்பவள்.
காக்கி வந்தால் ஜன்னலைத் திறந்துவைப்பாள்,
வெள்ளை வந்தால் சாத்திவிடுவாள்.
மே மாதம் முழுக்க வெள்ளை.
இயந்திரம் குடிக்கும் மின்சாரத்துக்கு
நாங்கள் தரவேண்டிய பணம் மூன்று மாதமாய் பாக்கி.
அதை அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சற்று நிம்மதியாய் இருந்திருக்கும்.

தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் ஒரு கம்பி.
அதில் குத்திய காலண்டர் தாள்கள்.
மகன் யாபேசுக்கு நெபுலைசர் வைத்த இரவுகளை மட்டும்
கிழித்ததும் எறியாமல் சேர்த்திருக்கிறாள்.
நல்ல நேரம், கெட்ட நேரம், சூலம் கிழக்கு.
பின்பக்கம் பென்சிலில்:
‘ரெண்டு வாட்டி.’ ‘விடியற வரைக்கும்.’
ஒன்றில் வெறும் ‘ஸ்டான்லி.’

இரவல் வாங்கிவந்து
என் எண்களுக்குப் பக்கத்தில் அடுக்கினேன்.
நாற்பத்தொரு தாள்.
இருபத்தொன்பது பொருந்தின.
பன்னிரண்டு பொருந்தவில்லை, அதையும் சொல்லவேண்டும்.
பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“ஒரு பிள்ளை ஆதாரம் ஆகாதுப்பா” என்றார்.
அவர் சொன்னது சரிதான்.
தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது
எப்சிபா எண்ணிப்பார்த்து வாங்கிக்கொண்டாள்.

கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்பு.
வாசலில் இரண்டு வேன் போலீஸ், உள்ளே ஏர்கூலர்.
திரையில் வட்டப்படம்: வண்டிப்புகை இவ்வளவு,
நிலக்கரி இவ்வளவு, கடல் உப்பு இவ்வளவு.
ஆலைத் தரப்பு ஆலோசகர் உப்பைப் பிடித்துக்கொண்டார்,
பத்து நிமிடம் கடலைக் குற்றம் சாட்டினார்.
எப்சிபாவின் டோக்கன் அறுபத்து மூன்று.
ஐம்பத்தெட்டில் சாப்பாட்டுக்கு மைக் அணைந்தது.

இன்று கேட்டாள்:
“அந்த இன்னொரு தாளு இன்னா சார்?
எப்பவும் இட்டுனு வர்ற, மெஷின்ல போடவே மாட்ற?”

வெற்றுத் தாள் என்றேன்.
கூடவே வரும், மூடியைத் திறந்து மூடுவேன், கூடவே திரும்பும்.
வழியில் ஒட்டியது, என் கைபட்டது
எவ்வளவென்று அதுதான் காட்டும்.
அதைக் கழித்தால் மிச்சம் இந்தக் காற்றுடையது.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
“அப்ப அதுமாரி ஒரு புள்ளயும் வேணுமே சார்.
இங்கியே பொறந்து, இங்கியே வளந்து,
இந்தக் காத்த மட்டும் குடிக்காம.
அது எங்க கீது?”

களப்படிவத்தில் கடைசிக் கட்டம், ‘பிற குறிப்புகள்.’
பேனாவைத் திறந்தேன்.
காற்று தென்கிழக்கு, ஈரப்பதம் எழுபத்தெட்டு என்று
ஏற்கெனவே மேலே எழுதியதையே
மறுபடி எழுதினேன்.

பொத்தானை அழுத்தியதும்
இயந்திரம் உறிஞ்சத் தொடங்கியது,
நிமிடத்துக்குப் பதினாறு லிட்டர் சொச்சம்.
யாபேசு அதில் பாதிகூட இழுக்கமாட்டான்.
அவனுக்குத் தாள் மாற்ற யாரும் வருவதில்லை.

படியிறங்கும்போது
ஜன்னல் சாத்தும் சத்தம்.
வெள்ளைத் துணி வந்திருக்கிறது.