முழு உரை மட்டும்

பதிவேட்டில் பெயர் இராது.
அதுதான் ஒப்பந்தம். யார் தேடினார் என்று
நூலகருக்குத் தெரியக் கூடாது.
எதை என்று தெரியலாம்,
எத்தனை மணிக்கு என்றும்.

பிப்ரவரி ஒன்பது, இரவு 11.52.
கை நடுக்கம்.
முடிவுகள் மூன்று லட்சத்துச் சொச்சம்.

11.58. கை நடுக்கம் மற்றும் கோபம்.

12.03. “கை நடுக்கம்” மற்றும் கோபம் மற்றும் நாற்பது வயது.
மேற்கோள் குறி சரியாக விழுந்திருக்கிறது.
செப்டம்பரில் பதினொன்றாம் வகுப்புக்கு
நான் நடத்திய பாடம் அது.
பாதிப் பேர் தூங்கினார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

12.20. ஹன்டிங்டன் நோய்.
‘முழு உரை மட்டும்’ கட்டத்தில் ஒரு டிக்.
‘வல்லுநர் சரிபார்த்தவை’ கட்டத்தில் ஒரு டிக்.

12.41. ஹன்டிங்டன் நோய் மற்றும் பிள்ளைகள்.
தரவிறக்கம் ஒன்று, பதினான்கு பக்கம்.

பிறகு பதினாறு நிமிடம் எதுவும் இல்லை.

12.57. ஐம்பது சதவீதம் என்றால் எனக்கா தம்பிக்கா
முடிவுகள் 0.

வாக்கியமாகக் கேட்காதீர்கள்,
அதற்குப் புரியாது,
சொல் சொல்லாக உடைத்துப் போடுங்கள்
என்று சொன்னவளும் நான்தான்.

1.06. பதினெட்டு வயதுக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்களா
0.
எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று
திரை பணிவாகக் கேட்டிருக்கும்.
நான் பார்த்தேன். பிழை இல்லை.

1.15. இரும்புப் பாலம் மற்றும் மிச்சிகன் மற்றும் வரலாறு.
முடிவுகள் எழுபத்திரண்டு.
புதன்கிழமை ஒல்லிலாவிடம் கொடுக்கவேண்டிய கட்டுரை.
ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ், பக்க எண்
எல்லாம் முறைப்படி நகலெடுத்து
1.40க்கு வெளியேறியிருக்கிறது
அந்தக் கை.

ஒல்லிலாவின் வகுப்பில் இருபத்தாறு பேர்.
பட்டியலை இழுப்பறையிலிருந்து எடுத்தேன்.
படிக்காமல் திரும்ப வைத்தேன்.
படிக்காமல் என்பது முழு உண்மை அல்ல;
நான்காவது பெயர்வரை போனேன்.

உள்நுழைந்த இடம்: பள்ளியின் சொந்த வைஃபை.
நள்ளிரவில், பூட்டிய பள்ளியில்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.
உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரோரம்
முழங்கால் பனியில் ஒரு வண்டி நின்ற நீள்சதுரம்.
புகைக்குழாய் ஊதிய இடத்தில்
தட்டளவு கறுப்புத் தார் தெரிந்தது.
சுரங்கச் சாலையில் பால் பண்ணைக்கு அப்பால்
எந்த வீட்டுக்கும் இணையம் போகவில்லை.
மைனஸ் பத்தொன்பது அன்றைக்கு.
இரண்டு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு,
சிக்னல் ஒரு கோடாய் இரண்டு கோடாய்.

மேசையில் டெல்மர் ரூ அனுப்பிய படிவம் கிடந்தது.
சந்தாவைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா.
ஒரு தரவிறக்கத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் ஆகிறதே, வெர்னா,
என்று ஓரத்தில் பென்சிலில் கேட்டிருந்தார்.
கணக்குத் தப்பில்லை.
‘பயன்பாட்டுக்கு எடுத்துக்காட்டு’ என்ற இடத்தில்
நான்கு வரி விட்டிருந்தார்கள்.
பாலங்கள் என்று எழுதினேன்.
கையெழுத்துப் போட்டேன்.

மதியம் வைஃபை பெட்டியைக் கழற்றி
கூடத்துப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.
ஒயர் எட்டவில்லை.
அகராதி அலமாரியை நகர்த்த வேண்டியிருந்தது,
தனியாக, இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக.

பனி தள்ளும் எய்னோ சாரி நாலரைக்கு வந்தார்.
சுவரோரம் இரண்டு வண்டிக்கு இடம்
தினமும் சுத்தமாக இருக்கட்டும் என்றேன்.
யாருக்கு?
நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு.
அவர் இருட்டிய ஜன்னல்களைப் பார்த்தார்,
ஜன்னலில் மினுங்கும் பச்சைப் புள்ளியைப் பார்த்தார்,
கையுறையால் மூக்கைத் துடைத்தார்.

மூன்று வண்டிக்கே தள்ளிவிடுகிறேன், என்றார்,
கதவைத் திறக்க இடம் வேண்டாமா.