புள்ளிக்கு முன்னால் ஒரு பூச்சியம்

இருநூற்றுப் பதினாலு டொலர்,
வரி தனி.
மரிவிக் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை.
வினிப்பெக் கல்லூரி நூலகத்தில்
இரண்டு மணிநேர இரவலில் எடுத்து
கைபேசியால் பக்கம் பக்கமாய்ப்
படம் பிடித்துக்கொண்டிருந்தாள்,
சலவைக்கூடத்து இரவுவேலை
இன்னும் இறங்காத கண்களோடு.
அவளுக்கு மருந்துக் கணக்கு கற்பிப்பவள் நான்.
பார்த்தும் பாராமல் நடந்தேன்.

அந்த மாசி முழுக்க
வெந்நீர்க் குழாய்கள் முனகிய அறையில்
கணக்குகளை நானே எழுதினேன்.
இத்தனை கிலோ உடம்புக்கு இத்தனை மில்லிகிராம்,
நிமிடத்துக்கு இத்தனை சொட்டு.
எண்பத்தெட்டுப் பக்கம்.

பழக்கதோஷத்தில் விரல்
வட்டத்துக்குள் ஓர் எழுத்தை இட்டது,
பிறகு அழித்தது.
பொது உரிமத்தைத் தேர்ந்தேன்:
எடு, மாற்று, பிறர்க்குக் கொடு,
என் பெயரைச் சொல்,
நீ மாற்றியதையும் இப்படியே திறந்து வை.
விற்காதே என்ற கட்டத்திலும் ஒரு சரி போட்டேன்.
முதுகு வலி எனக்கு, காசு இன்னொருவனுக்கா
என்கிற சின்னக் கஞ்சத்தனம்.

எலிஸ் அவெனியூ அச்சுக்கடைக்காரர்
கோப்பைத் திருப்பித் தந்தார்.
"விற்கக் கூடாதாமே.
கம்பி கட்ட நான் ஒன்பது டொலர் வாங்கினால்
அது விற்பனையா, கூலியா?"
எனக்குத் தெரியவில்லை.
சட்டம் படித்த தம்பிக்கும் தெரியவில்லை.
அன்றிரவே அந்தச் சரியை எடுத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு பிரதி திரும்பி வந்தது,
வடக்கே, சாலை முடிந்த பிறகும்
வெகுதூரம் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து.
முகப்பில் இ. நிரோசினி.
அதன் கீழே, மாற்றியவர் டெல்பின் காஸ்டல்.
என் பீட்டர்சன் படுத்திருந்த கட்டிலில்
திருமதி பிகெட்டி.
ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் என்று
நான் எழுதிய இடத்தில்
விமானம் வர நாலு மணிநேரம், காற்று விட்டால்.
சொட்டுக் கணக்கு முழுவதும் மாறியிருந்தது.
கொஞ்சம் கோபம் வந்தது.
பீட்டர்சனை எனக்குப் பிடிக்கும்.

நாற்பத்தோராம் பக்கம், ஏழாம் கணக்கு.
விடையை வெறும் புள்ளி ஐந்தென்று விட்டிருக்கிறேன்.
மங்கிய அச்சில் புள்ளி கரைந்தால்
அரை ஐந்தாகும்,
பத்து மடங்கு மருந்து
யாரோ ஒருவரின் மெலிந்த நரம்பில் இறங்கும்.
வகுப்பில் நான் தொண்டை வறளச் சொல்வதே இதைத்தான்.
அந்த வடக்கத்திப் பிரதியில்
புள்ளிக்கு முன்னால் ஒரு பூச்சியம்
உட்கார்ந்திருந்தது. குறிப்பில்லை, குத்தலில்லை.

என் கோப்பில் அதை இட்டு
முகப்பில் அவள் பெயரையும் சேர்த்தேன்.
வகுப்பில் முப்பது பழைய பிரதிகள்.
நீலப் பேனாவோடு மேசை மேசையாய்ப் போனேன்.

மரிவிக்கின் பிரதியில்
பூச்சியம் ஏற்கெனவே இருந்தது,
பென்சிலில், மிக மெல்லியதாய்.

"ஏன் சொல்லவில்லை?"

"புத்தகம் அல்லவா, மிஸ்" என்றாள்.
"திருத்தலாம் என்று தெரியாது."