மூவ்மென்ட் ரிஜிஸ்டர்

வண்டி எண், பெட்டி எண், நேரம்.
நாலாவது கட்டம்தான் தகராறு:
எங்கிருந்து எங்கே என்பதை
இங்கிலீஷில் எழுத வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம்
'கேட் டூ' என்று எழுதினேன்.
கேட்டுக்கு என்றுதானே சொல்கிறோம்.
அன்றைக்கு ஒரு டிரெய்லர்
வேலையே இல்லாமல்
ரெண்டாம் நம்பர் கேட்டில் போய் நின்றது.
பெனடிக்ட் சார் சிரித்து முடிக்க
ஒரு டீ ஆறியது.

நமக்கு இடம் முதலில் வரும்.
'க்கு' அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும்.
இவர்களுக்குப் போக்கைச் சொல்லிவிட்டுத்தான் இடம்,
திரும்பும் முன்னே இண்டிகேட்டர் போடுகிற மாதிரி.

இன் வேறு, இன்டூ வேறு.
அதை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
திருச்சினாங்குப்பத்தில்
கடல் கடலில்தான் இருந்தது.
ஒரு நவம்பரில் அடுப்படிக்குள் வந்தது.
குக்கர் மூடி மிதந்து
வாசல் வழியாகப் போனது. த்ரூ.

ராத்திரி ஒன்றே முக்கால்.
எர்ணாவூர் தாண்டியும் வரிசை.
"எங்கண்ணே கீறீங்க?"
"சாயந்தரம் கேட்டப்ப எங்க கீறேன்னேனோ
அங்கதாம்மா கீறேன்," என்றார் தேசிங்கு.

டூ என்று எழுதினால்
போய்ச் சேர்ந்த மாதிரி இருக்கிறது.
டுவர்ட்ஸ் என்று எழுதினேன்.
அது எதற்கும் சத்தியம் செய்வதில்லை,
முகம் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்கிறது.
பதினோரு மணி நேரமாய் இஞ்சினை அணைத்துவிட்டு
ஸ்டியரிங் மேல் கால் நீட்டிப் படுத்திருப்பவருக்கு
அளவெடுத்துத் தைத்த சொல்.

காலையில் பெனடிக்ட் சார் சிவப்பில் அடித்தார்.
"கஸ்டமர் பாப்பான். டூ போதும்."
ரிஜிஸ்டரில் தேசிங்கு
துறைமுகம் சேர்ந்துவிட்டார்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
கூட்ஸ். அதன் பின்னால் இன்னொரு கூட்ஸ்.
இரண்டும் போன பிறகும் கேட் ஏறவில்லை.
பையைக் கம்பிக்கு மேலே கொடுத்தேன்,
முன்னால் குனிந்து போன மீன்கூடைக்காரி
கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.
பை ஓவர்.
நான் அண்டர்.
அக்ராஸ் என்று சொல்லிக்கொண்டே
மூன்றாவது தண்டவாளத்தைத் தாண்டும்போது
போன்.

"நவுந்துச்சும்மா," என்றார் தேசிங்கு.
"எழுதிக்கோ. ஒரு வண்டி நீளம்."