இடது ஓரம்

ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி,
ஒரு பழைய யமஹா மோட்டார்,
மில் ஸ்டோரில் ஒரு வேலை.
இவ்வளவும் கொடுத்துத்தான்
தம்பினிலிருந்து ஊத்தான் மெலிந்தாங்குக்கு
வந்து சேர்ந்திருக்கிறான்
பத்தொன்பது வயது யுகேந்திரன்.

ஆ லெக் கடையின் மூலை மேசையில்
பசியாற உட்கார்ந்ததும் அணி இறங்கிவிடும்.
மிளகாய்ச் சாஸ் போத்தல் கோல்கீப்பர்.
சீனி டப்பா நடுவில், அது எப்போதும் கேப்டன்.
மற்றவர்கள் குடித்து முடித்த கோப்பைகள்.
புதுப் பையனுக்கு
யாரோ ஒரு கஸ்தூரி எலுமிச்சையை வைத்தார்கள்.
வைத்த இடத்தில் அது நிற்கவில்லை.

"நடுவுல போடு. கோல் அடிக்கத்தானே வாங்குனது?"
டேங்கர் ஓட்டும் பரந்தாமனுக்கு
எல்லாமே நேர்ச்சாலை.
"அம்பத்து நாலு கிலோ! கேரித் தீவுக்காரன்
தோளால ஒன்னு வெச்சான்னா
பையனக் கால்வாயிலதான் தேடணும்."
இது சின்னத்தம்பு.
நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் ரொஸ்லி
ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்:
"மொதல்ல வெளிய உக்காரட்டும் லா.
மூணாவது குவார்ட்டர்ல எறக்கு.
அப்பதான் அவனுங்களுக்கு மூச்சு வாங்கும்."

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியை
எல்லோரும்தான் பார்த்தார்கள்.
மட்டையைத் திருப்பி, தரையோடு முட்டி உரச,
உடம்புக்கு இடப்பக்கத்துப் பந்தை
வலப்பக்கக் கோலுக்குள் அவன் அனுப்பியதை.
அப்படி அடிக்கத் தெரிந்தவனுக்கு
மைதானத்தில் ஒரே ஒரு மூலைதான் உண்டு.
ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.
நான் உட்கார்ந்திருந்தேன்.
இடது ஓரத்துக் கோப்பை என் வீட்டுக்காரர்.

மில் வாசலில் எடைமேடைக் கிளார்க் நான்.
குலையோடு லோரி ஏறும், ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும், இன்னோர் எண்.
கழித்தால் சரக்கு.
டிரைவர் முகத்தைப் பார்த்து எழுதுகிற பழக்கமில்லை.

ஆனால் புவனனின் வலது முழங்காலை
நான் எந்த மேடையிலும் ஏற்றியதில்லை.
ராத்திரியில் ஐஸ் பை,
காலையில் மோட்டாரை உதைக்காமல்
பொத்தானை அழுத்துகிற கட்டைவிரல்,
இதெல்லாம் இந்த மேசைக்குத் தெரியாது.

"நீ என்னம்மா சொல்றே வேணி?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது.
"கடைசி ரெண்டு ஆட்டமும் மழை.
அத வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது" என்றேன்.
எல்லோரும் வேகமாகத் தலையாட்டினார்கள்,
பாவம், அவ்வளவு வேகமாக.

கடைப் பையன் துடைக்க வந்தான்.
காலி என்று நினைத்து
ஒரு கோப்பையை மட்டும் எடுத்துப் போனான்.
ஆ லெக் கடை மேசை எல்லாவற்றுக்கும் ஒரு கால் குட்டை.
எலுமிச்சை மெல்ல உருண்டு
அந்த ஈர வட்டத்துக்குள் போய் நின்றது.
பரந்தாமன் தே தாரிக்கை ஊதினார்.
சூடே இல்லாத தே தாரிக்கை.

சனிக்கிழமை காலை
குளிர்பெட்டிக் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது.
யுகேந்திரன் நடுவில். புவனன் இடது.
அரைநேரம்வரை
பையன் பந்தைத் தொட்டது நாலு முறை,
புல்லைத் தொட்டது ஏழு.

மூன்றாவது குவார்ட்டரில்
யாரும் இடிக்காமல், யாரும் கூப்பிடாமல்
புவனன் கையைத் தூக்கினான்.
நடந்து வெளியே வந்தான். நொண்டவில்லை.
நொண்டாமல் நடக்க அவன் பட்ட பாட்டை
கம்பிவேலிக்கு இந்தப்பக்கமிருந்து
நான் மட்டும் எண்ணினேன். இருபத்தாறு அடி.

பையன் இடப்பக்கம் ஒதுங்கினான்,
யாரும் சொல்லாமலே,
தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல்.
மட்டை திரும்பியது.
பந்து கம்பத்தில் பட்ட சத்தம்
செம்பனை வரிசைக்குள் போய்த் திரும்பி வந்தது.

"நடுவுல நின்னிருந்தா உள்ள போயிருக்கும்."
"நடுவுல நின்னிருந்தா அங்க பந்தே வந்திருக்காது."
"நாலாவதுல எறக்கியிருக்கணும் லா."

பெஞ்சில் புவனன்
தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல்
முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.
சத்தம் வந்த கம்பத்தையே பார்த்தபடி.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் பரந்தாமன்.
என்ன சொன்னார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.