தொண்ணூற்று நான்கு

பள்ளிக்கூடச் சுவரில் சாய்ந்து நிற்கிறது
உயரக்கோல்.
மச்சான் மகோரி படகுக்கு அடித்த நீலத்தில்
மிச்சம் வாங்கி நான்தான் கோடு போட்டேன்.
முதல் கோடு தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே மாத்திரை கிடையாது.
மேலே போகப் போக ஒன்று, ஒன்றரை, இரண்டு,
வலை இழுக்கும் ஆளுக்கு ஐந்து.

உக்கெரெவே தீவில் தராசு இல்லாமல் இல்லை.
மீனுக்கு இருக்கிறது.
கரையேறிய சங்காராவைக் கிராம் தப்பாமல் நிறுத்து
ஐஸில் படுக்கவைத்து அனுப்புகிறார்கள்;
நாளை மறுநாள் ஏதோ ஓர் ஊரில்
எலுமிச்சைத் துண்டோடு தட்டில் கிடக்கும்.
அது போன வழியில்
மாத்திரை டப்பா திரும்பி வர ஏழு மாதம்.
துறைமுகத்தில் ஒரு கையெழுத்துக்கு இரண்டு மாதம்.
முவான்சா கிடங்கின் சாவிக்காரர்
மகள் கல்யாணத்துக்குப் போனதில் ஒன்பது நாள்.
மிச்சக் கணக்கு யாரிடமும் இல்லை.

"என்ன விலை?" என்றாள் ஞாங்கேட்டா.
"இலவசம்."
"பின்னே ஏன் இவ்வளவு தாமதம்?"
"அதனால்தான்."

ஏரியில் நத்தைகள் இருக்கின்றன.
அவை எங்கள் டப்பாவைவிட வேகம்.

வரிசையில் அவள் மகள்.
பெயர் சிகுஜுவா.
'எனக்குத் தெரியாது' என்று பொருள்;
கருத்தரித்ததே தெரியாமல் ஐந்து மாதம் துடுப்புப் போட்ட
தாய் வைத்த பெயர்.
போன வருஷம் கோட்டுக்கு ஐந்து விரல் கீழே நின்றாள்.
இந்த வருஷம் கோட்டைத் தொட்டுவிட்டாள்.
தலையில் கொண்டை.
விடியற்காலையில் எழுந்து இறுக்கி இறுக்கி
உச்சிக்கு மேல் கட்டிய கொண்டை.
அமுக்கிப் பார்த்தேன்.
அமுங்கியது.
அமுங்காத இடத்தில் தொண்ணூற்று இரண்டு.

எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம்,
சரி.
வயிற்றை அளந்திருந்தால்
ஐந்து மாத்திரைக்குத் தகுதியானவள்.

ஞாங்கேட்டா என்னைப் பார்க்கவில்லை.
கோலைப் பார்த்தாள்.
கெஞ்சியிருந்தால்
மறுப்பதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது.
பள்ளிக்கூடத்தில் மாவு தீர்ந்து பத்து நாள்.
என் வீட்டு மரவள்ளி மாவைக் கஞ்சியாய்க் காய்ச்சி
அண்டாவோடு தூக்கி வந்திருந்தேன்.
(எனக்குக் கூலி ஒரு டீ ஷர்ட்.
முதுகில் ஏதோ எழுதியிருக்கிறது,
பின்னால் வருகிறவர்களுக்கு.)

ஒரு மாத்திரையை உடைத்தேன்.
பாதியைக் கரண்டிக்காம்பால் நுணுக்கிக்
கஞ்சியில் கலந்தேன்.
அப்படிச் செய்யச் சொல்லி எந்தத் தாளிலும் இல்லை.
துப்பினாள். அவ்வளவு கசப்பு.
வாழைப்பழத்தில் வைத்து மறுபடி.
விழுங்கிவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்ற பிள்ளைகளை அளந்துகொண்டே
அவள் மூச்சை எண்ணினேன்.
ஒரு தடவை வாந்தி எடுத்தாள்.
என் கை கோலில் வழுக்கியது.
மூன்று மணிக்கு ஒரு தட்டானைத் துரத்தினாள்.
அதன் பிறகுதான் உட்கார்ந்தேன்.

பதிவேட்டில்
உயரம் என்ற கட்டத்தில் தொண்ணூற்று நான்கு என்று எழுதினேன்.
மேற்பார்வையாளர் வந்து
இந்தப் பிள்ளை யார், எப்படி என்று கேட்டால்
பெயரைச் சொல்வேன்.
பதிலும் அதுதான்.

பொழுது சாய்ந்தது.
மருந்து தின்ற அத்தனை பேரும்
கூச்சலோடு ஏரிக்கு ஓடினார்கள்,
சட்டையைக் கழற்றிக்கொண்டே.
"போகாதீங்க" என்று வாய்வரை வந்தது.

கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு
பின்னாலேயே இறங்கினேன்.
அண்டா கழுவ வேண்டும்.
எனக்கும்
வேறு தண்ணீர் இல்லை.