வியாழன் மூன்று மணிக்கு இரண்டு இடத்தில் நான்

ஓய்வறைச் சுவரில், மைக்ரோவேவுக்கு மேலே,
அடுத்த கிழமைக்கான அட்டவணை.
வியாழன் மூன்று மணி, பால் பகுதி: நான்.
வியாழன் மூன்று மணி, பாண் பகுதி: நான்.
இரண்டு நிரோஜினியிலும்
'ஜி'யை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள்.
வேறு ஆளாயிருக்க வழியில்லை.

கைலிடம் போனேன்.
'என் கதவு எப்போதும் திறந்திருக்கும்'
என்று ஒட்டியிருந்த கதவைத் தட்டினேன்.
உள்ளே மூன்று திரை, ஒரு கதிரை.
தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒற்றையாய்ப் பிறந்தது என் பிழை போல.
"எப்படியாவது சமாளி" என்றார்.

பால் குளிரறையின் மோட்டார்
மார்கழியிலிருந்தே இருமிக்கொண்டிருந்தது.
குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: சத்தம். ஐந்து பாகை.
மறுநாள்: சத்தம் கூடிவிட்டது. ஆறு பாகை.
ஐந்து மனேஜர்களைப் பார்த்து முடித்த ஒரெஸ்ட்
உக்ரேனிய மொழியில் ஒரு சொல் எழுதினார்.
அர்த்தம் கேட்டேன், சொல்ல மறுத்தார்.
ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில்
கைலின் கையெழுத்து, நீல மையில், வளைந்து நெளிந்து.
அந்த உக்ரேனியச் சொல்லுக்குப் பக்கத்திலும்.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக் முழுவதும் உறைந்து கிடக்க
இந்த ஓர் அறைக்குள் மட்டும் பால் சூடேறியது.
"வாசலில் அடுக்கிவிடுவோமா" என்று மரிசெல் சிரித்தாள்.
சாப்பாட்டு நேரம் அரை மணி, சம்பளமில்லை,
சிரிப்பும் அதற்குள்தான்.

வியாழன்.
பாண் மேசையிலிருந்து பால் கதவுவரை
நூற்றிப் பதினெட்டு அடி. எண்ணினேன்,
எண்ணுவதற்கு நிறையத் தடவை கிடைத்தது.
பால் பக்கம் நின்றால் பாண் பக்கம் மணி அடிக்கும்.
யாரோ ஒருவருடைய ரொட்டி
வெட்டும் மெஷினில் பாதியில் நிற்கும்.
ஐந்தரைக்கு மோட்டார் இருமலை நிறுத்தியது.
நின்றுபோன சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை,
எனக்கும்கூட.
நான் அப்போது பாண் நிரோஜினி.

ஏழு மணிக்குக் கைல் வந்தார்,
அந்தப் பக்கம் அவர் வந்ததை அன்றுதான் கண்டேன்.
"எங்கே நின்றாய்?"
"நீங்கள் எழுதிய இடங்களில்" என்றேன்.

பிறகு ஊற்றினோம்.
நாலு லீற்றர்க் கலன்கள், இருநூற்றி ஆறு.
திருகு, கவிழ், எண்ணு, எழுது.
ஒரெஸ்டின் வலது தோள் உயராது,
ஆகவே மூடிகள் அவருக்கு.
தரைத்துவாரம் குடித்துக்கொண்டே இருந்தது.
கைல் தொலைபேசியில் யாருக்கோ சொன்னார்,
"ஊழியர் கவனக்குறைவு."
அத்தனை இரைச்சலுக்குள்ளும்
அந்த இரண்டு சொல் தெளிவாகக் கேட்டது.
பத்தரை பஸ்ஸுக்கு நின்றபோது
சப்பாத்தில் பால் உறைந்து வெடித்தது.

புது அட்டவணையில்
ஞாயிறிலிருந்து சனிவரை விரலால் தேடினேன்.
வேலையால் நிறுத்தவில்லை.
நிறுத்தினால் கடிதம் எழுதவேண்டும்.
மணித்தியாலம் மட்டும் இல்லை.
அன்றிரவு மரிசெல்
குறிப்புப் புத்தகத்தின் இருபத்திரண்டு பக்கங்களைப்
படமெடுத்து அனுப்பினாள், ஒரு வார்த்தையும் இல்லாமல்.
நீல மை நன்றாக விழுந்திருந்தது.
இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.
அழிக்கவும் இல்லை.

அடுத்த வியாழன் மூன்று மணிக்கு
வீட்டில் பால் முடிந்திருந்தது.
போனேன், சனம் போகிற வாசலால்.
குளிரறைக்குப் புது மோட்டார்.
தட்டுக்கு முன்னால் நின்றதும்
கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது:
பழைய திகதி முன்னுக்கு, புதியது பின்னுக்கு,
லேபிள்கள் எல்லாம் வெளியே பார்க்க.
ஒரு வரிசை முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தோள்வரை கையை உள்ளே விட்டு
ஆகக் கடைசியில் நின்ற கலனை இழுத்தெடுத்தேன்.
முன்வரிசை சரிந்தது.
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.