கேட்கிற காது

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
இன்னொரு முறை கூப்பிட்டேன்.
பருப்பு மண்டியில் மூட்டை எண்ணுகிற குரலில்
மூன்றாம் முறை.
சேந்தன் திரும்பவில்லை.
செவிடு என்று மனசுக்குள் முடிவுகட்டியிருந்தேன்,
பக்கத்து வீட்டு டோ கின் தான்
பிஸ்கட் டின் மூடியைக் கரண்டியால் நெம்பும்வரை.
எழுந்து ஓடினான்.
ஒரு சுவர் தாண்டி
தகர மூடி கேட்கிற காதுக்கு
அப்பன் கேட்கவில்லை.

வீட்டில் மூன்று பாஷை, அதுதான், என்றார்கள்.
நான் தமிழ். மி தலா மோன்காரி.
தெருவில் இறங்கினால் பர்மியம்.
எந்த வாசல் வழியாக வெளியே வருவதென்று
பிள்ளை யோசிக்கிறான், விடுங்கள்.
ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்.
உன் தம்பி நாலு வயசுவரைக்கும் ஊமை,
இன்றைக்கு லாரி ஆபீஸில்
அவன் வாயை யாராவது மூட முடிகிறதா?
முனீஸ்வரனுக்கு ஓர் எலுமிச்சம்பழம்,
மலைமேல் பகோடாவில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி.
விடுங்கள் என்றார்கள், விட்டேன்.
விடுவது சுலபமாக இருந்தது.

தண்ணீர் வேண்டுமென்றால்
என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போவான்.
கையைக் குழாய்மேல் வைப்பான்.
அந்தக் கையின் மறுமுனையில் நான் இருந்தேன்.
நிமிர்ந்து பார்த்ததில்லை.
ஒரு சாவியை எடுத்துப்போகிறவன்
சாவியின் முகத்தையா பார்ப்பான்?
என்ன புத்தி பாருங்கள் என்று
மண்டியில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

மி தலாதான் முதலில் சொன்னாள்.
எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயது.
காக்காயைக் கண்டால் விரல் நீட்டுகிறது,
காக்காயைப் பார்க்கிறது, அம்மாவைப் பார்க்கிறது,
திரும்பக் காக்காயைப் பார்க்கிறது.
நம் பிள்ளை காக்காயைத்
தனியாகவே பார்த்துக்கொள்கிறான், என்றாள்.
இரண்டு நாள் அவளோடு பேசவில்லை நான்.

மோல்மேனில் கரண்ட் போவது ஒரு செய்தியா?
போனால் வீடு இடிய அலறுவான்.
இருட்டு பயம் என்று நினைத்து
மெழுகுவர்த்தியை முகத்தருகே கொண்டுபோவோம்.
இன்னும் அலறுவான்.
ஒரு நாள் பட்டப்பகலில் போனது.
அதே அலறல்.
அவன் பார்த்த பக்கம் அண்ணாந்து பார்த்தேன்.
மின்விசிறி.
மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிய
நின்றுபோயிருந்தது.

அன்று ராத்திரி நானே சொன்னேன், ரங்கூன் போவோம்.

டாக்டரம்மா நாற்காலியில் உட்காரவில்லை.
தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார்.
ஊதிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார்.
குமிழிக்காகத் துள்ளினான்,
ஊதிய வாயைத் தேடவில்லை.
எதையாவது விரலால் காட்டுவானா, என்றார்.
ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
மி தலா என்னைப் பார்த்தாள்.
வாயை மூடிக்கொண்டேன்.

ஆட்டிசம் என்றார்.
எங்கள் வீட்டு மூன்று பாஷையிலும்
ஒரே மாதிரி இருக்கிற வார்த்தை.
பாஷைகள்மேல் பழி போடாதீர்கள்,
மூன்றையும் பேசுங்கள்,
பேசிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்,
இரண்டு வயது பத்து மாதம், நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள், என்றார்.
நேரத்தில் என்ற சொல்லை
திரும்பி வந்த பஸ்ஸில்
சல்வீன் பாலம் வரைக்கும் மென்றுகொண்டிருந்தேன்.
ஒரு வருஷம் முன்னால் இருந்தது அந்தக் காக்கா.

நேற்று மாலை கரண்ட் போனது.
அவன் வாய் திறப்பதற்குள்
முக்காலி போட்டு ஏறினேன்.
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
மூன்று இறக்கையையும் கையால் தள்ளினேன்.
சுற்றியது. ஒட்டடை தலையில் கொட்டியது.
தள்ளினேன்.
கீழே சத்தமில்லை.
விசிறியைப் பார்த்தான்.
என் முழங்கையை,
சத்தியம் பண்ணமாட்டேன், முழங்கையைத்தான், பார்த்தான்.
திரும்ப விசிறியை.

அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்:
மி தலா, காக்கா!
கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.
எங்கே என்று அவள் கேட்கவில்லை.